உதட்டை மட்டும் அசைத்தால் போதும்

— நீ பாட வேண்டாம்டி. உதட்டை மட்டும் அசை, போதும்.

— பாட்டுக் குழுவுல சேர்த்துட்டு, மேடை ஏறுற நேரத்துல பாடாதேன்னு சொல்றியே அக்கா. இது எந்த ஊர் நியாயம்?

— கணக்குப் போட்டுப் பாரு. திரைக்கு அந்தப் பக்கம் முந்நூறு பேர். நீ வாயைத் திறந்தா அத்தனை பேருக்கும் காது வலி. மூடினா உனக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். இன்னிக்குச் சொதப்பினா இந்த மண்டபத்துல நம்ம குழுவை இனி வாசல் கூட்டக்கூட விடமாட்டாங்க.

— ஆறு மாசம் முன்னாடி, ‘உன்னையும் மேடையில பாட வெக்கிறேன்’னு வாக்கு குடுத்தியே. அப்ப முந்நூறு பேரைக் கேட்டா குடுத்த?

— அப்ப உன் குரலைக் கேக்கலையே.

— பாடாம வாயசைச்சா அது பொய்க்கா.

— யாருக்கும் வலிக்காத பொய்.

— வலிச்சாத்தான் பொய்யா? நான் தபால் ஆபீஸ்ல தெருவாரியா தபால் பிரிக்கிறவ. தெருவுக்கே நல்லதுன்னு ஒருத்தரோட கடிதாசியைக் கிழிச்சுப் போடலாமா?

— உன் குரல் கடிதாசி இல்லடி, தந்தி. அதுவும் கெட்ட சேதி. நேத்து ஒத்திகையில நாசூக்கா சொன்னேனே, ‘ஒரு குரல் பிசிறு தட்டுது. யாருன்னு அவங்களே உணர்ந்து, எல்லாரோட நன்மைக்காக உதட்டை மட்டும் அசைங்க’ன்னு. அது உனக்குத்தான்.

— எனக்கா? நம்ம குழுவுல பாடுற பல் டாக்டரை நீ சொல்றேன்னு நெனச்சேன்.

— அவர் குரல் தங்கம்டி.

— அதை அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்.

— ஏன், என்ன சொன்னார்?

— யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன். மருந்துக்கடை அண்ணன் சொன்னதையும் சொல்லக்கூடாது.

— அவருமா? பஸ் கண்டக்டர் அம்மா?

— அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. அதையும் சொல்லக்கூடாது.

— அடியே, இன்னும் எத்தனை பேரு?

— ஒவ்வொருத்தரா வந்தாங்க. என்னைத் தவிர பத்து பேரும். பத்து வாக்கையும் காப்பாத்திட்டேன்.

— பத்து பேரும் தன்னைத்தான் சொன்னேன்னு நெனச்சு உதட்டை மட்டும் அசைக்கப் போறாங்களா?

— நான் எதுவும் சொல்லல. நீயா கண்டுபிடிச்சா நான் பொறுப்பில்ல.

— மணி அடிச்சாச்சு. திரை ஏறுதுடி. சத்தமே இல்லாத பாட்டுக்கு நான் எப்படிக் கையை ஆட்டித் தாளம் காட்டுவேன்? என் தங்கமே, பாடிடு. முந்நூறு பேர் நன்மைக்காகக் கேக்குறேன்.

— அவங்களுக்காக இல்லக்கா. பாடுறேன்னு சேர்ந்தவ, அதனால பாடுறேன். நீ தள்ளி நின்னு காதைப் பொத்திக்க.