அந்தப் பழைய ஃபேன் இருக்கட்டும்

இருங்க தம்பி, ஸ்க்ரூவ அப்புறம் கழட்டலாம். மொதல்ல தண்ணியக் குடிங்க. பெரியவன்தானே உங்கள அனுப்புனான்? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க.

ஆமா, கம்ப்யூட்டரோட பக்கவாட்டு மூடிய நான்தான் கழட்டி வச்சேன். சிரிக்காதீங்க. வேர்த்தா நாம சட்டையக் கழட்டுறதில்லையா? அவன் வெளியூர் போனதுலேருந்து இந்தப் பெட்டிக்கு நான்தான் நர்ஸு. கட்டடம் எழும்புறதுக்கு முன்னாடியே எழும்பி நிக்கிற மாதிரி படம் பண்ணுவானே, அதான் வேலை. அவன் அங்க உக்காந்து நெட்டு வழியா தட்டுவான், இது இங்க கெடந்து மூச்சு வாங்கும். சூடு தாங்கலன்னா பொட்டுன்னு அணைஞ்சு போகும். அவன் பண்ண வேலையெல்லாம் பாழு.

நானும் சும்மா இருக்கலையே. டேபிள் ஃபேன எடுத்தாந்து பின்னாடி வச்சு ஊதுனேன். ஊத ஊத சூடு ஏறுது! அப்புறம் பொண்ணு வீடியோ கால்ல பாத்துட்டு, அம்மா, அது அனல வெளிய துப்புற பக்கம், நீ திருப்பி உள்ளயே தள்ளுறியேன்னு தலையில அடிச்சுக்கிட்டா. வாந்தி எடுக்குற புள்ள வாயப் பொத்துன கதைதான். அப்புறம் முன்னாடி மாத்தி வச்சேன். அடியில செங்கல் குடுத்துத் தூக்குனேன். பிரஷ்ஷால தூசி தட்டுனேன். காலையில கும்பிடும்போது, கடவுளே, என் புள்ளைங்களையும் இந்தப் பெட்டியையும் பாத்துக்கன்னு ஒரு வரி சேத்துக்கிட்டேன். அதுக்குத்தான் சூடு கொஞ்சம் கேட்டுச்சு.

நீங்க கொண்டாந்த இதென்ன, கார்ல இருக்குமே, அதே ரேடியேட்டரா? குட்டியா, அழகா இருக்கு. தண்ணி உள்ளயே சுத்திச் சுத்தி சூட்ட வாங்கிட்டு வருமா? அடேயப்பா. மாமியார் மாதிரி எல்லா ரூமுக்கும் ஒரு நட போய்ட்டு வருது.

என்னது, சத்தமே வராதா? கொஞ்சங்கூடவா?

இல்ல, நல்லதுதான். மாட்டுங்க. ஆனா தம்பி, பெட்டிக்குள்ள அந்தப் பழைய ஃபேன் இருக்கே, டர்ருன்னு கத்துமே, அத மட்டும் எடுத்துடாதீங்க. காத்து தராட்டியும் பரவால்ல. ஓரமா எங்கயாச்சும் மாட்டி விடுங்க. அவன் வேலைய ஆரம்பிச்சா அது கத்தணும். அவ்வளவுதான்.

அவன் கேட்டா, அம்மா விடலன்னு சொல்லுங்க. கல்யாணப் பேச்சுல அவனும் அவங்கப்பாவும் முட்டிக்கிட்டாங்க. அதுலேருந்து வீட்டுக்கு போனே கெடையாது. நான் அடிச்சாலும் எடுக்கிறதில்ல. அவன் தங்கச்சியக் கேட்டா, நல்லா இருக்காம்மான்னு முடிச்சுக்குவா. இது கத்துனாத்தான் எனக்குத் தெரியும், எந்திரிச்சுட்டான், ஒடம்பு நல்லாத்தான் இருக்கு, வேலைக்கு உக்காந்துட்டான்னு.

எனக்காக மட்டும் இல்ல தம்பி. வாசல்ல பேப்பரு படிக்கிறாரே ஒரு மனுஷன், உங்களப் பாத்து ஒரு வாங்கன்னுகூட சொல்லாம? அவரு காதும் இங்கதான் இருக்கு. பேப்பரு ஒரே பக்கத்துலயே நிக்கும். இது டர்ருன்னு ஆரம்பிச்சாத்தான் மடிச்சு வச்சுட்டு உள்ள எட்டிப் பாப்பாரு. உன் புள்ள வந்துட்டான், எனக்குச் சாப்பாட்டப் போடும்பாரு.