பதினொரு மாதம் தாங்கிய கிளாம்ப்

லென்ஸ் மூடியைத் தொலைக்காத புகைப்படக்காரனை நான் இதுவரை பார்த்ததில்லை. நானே நான்கு தொலைத்திருக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறுநாள் கடைக்குப் போய் என்ன கேட்கிறான் என்பதில்தான் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். கேமரா செய்த கம்பெனியின் மூடியையே கேட்டு வாங்குகிறவன் ஒரு ரகம். "ஏதாச்சும் ஒண்ணு குடுங்க, மூடினா சரி" என்கிறவன் இன்னொரு ரகம். அந்த இரண்டாவது ரகத்தோடு ஒரே வீட்டில், ஒரே ஸ்டூடியோவில் பதினாறு வருடம் குப்பை கொட்டியவன் நான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

நான் சொல்வது என் மனைவியின் தம்பியை. உங்கள் ஸ்டேஷன் பின்னறையில் உட்கார்ந்து மூன்று நாளாக அழுதுகொண்டிருக்கிறானே, அவன்தான். முப்பத்தெட்டு வயது. நல்ல உழைப்பாளி, மறுக்கவில்லை. கழுதையும் நல்ல உழைப்பாளிதான். பேட்டரியோ, சார்ஜரோ, கழுத்துப் பட்டையோ, எதை வாங்கினாலும் பேர் தெரியாத கம்பெனிதான். "எல்லாம் ஒரே ஃபேக்டரில செய்யறதுதான் மாமா. மேல ஒட்டற பேருக்குத்தான் காசு" என்பான். எந்த ஃபேக்டரி, நீ போய்ப் பார்த்தாயா என்று கேட்டால் பல்லைக் காட்டுவான். பல்லைக் காட்டுகிறவனிடம் என்ன வாதம் செய்வது.

எங்களுக்கு முக்கால்வாசி வேலை, பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளான குழந்தைகளைப் படம் எடுப்பது. கூடையில் துணி விரித்துக் குழந்தையைப் படுக்கவைத்து, நேர் மேலே பெரிய லைட்டைத் தொங்கவிட வேண்டும். ஸ்டாண்டிலிருந்து குறுக்கே நீளும் கம்பியின் நுனியில் ஒரு கிளாம்ப் அந்த லைட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். லைட்டின் எடை ஏழு கிலோ. பழைய கிளாம்பின் வாய் தேய்ந்துபோனபோது, கம்பெனி கிளாம்ப் கேட்டு எழுதிப் போட்டிருந்தேன். ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். நல்ல பொருளுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். மூன்றாம் நாளே மைத்துனன் ஒரு கிளாம்பைக் கொண்டுவந்து மாட்டிவிட்டான். அதற்கு அட்டைப்பெட்டிகூடக் கிடையாது. கடலை மிட்டாய் மாதிரி பிளாஸ்டிக் உறையில் வந்தது.

"இது ஒரு மாசம் தாங்காது" என்றேன்.

"நல்லாத் தாங்கும் மாமா" என்று லைட்டைப் பிடித்து இழுத்து ஆட்டிக் காட்டினான்.

என் மனைவிதான் ஸ்டூடியோவில் குழந்தைகளைத் துணியில் சுற்றுவாள், தூங்கவைப்பாள். அவள் கைக்குப் போனால் எந்தக் குழந்தையும் அடங்கிவிடும். அன்றைக்கு அவள் எங்கள் இருவரையும் அடக்கினாள். "என்னங்க, சின்னப் பிள்ளை மாதிரி சண்டை போடாதீங்க. ஒரு வருஷம் பார்க்கலாம். அது விழுந்துச்சுன்னா நீங்க சொல்றதுதான் சட்டம். விழலைன்னா இனிமே சாமான் வாங்கறதெல்லாம் தம்பி பொறுப்பு. நீங்க அதுல தலையிடக் கூடாது."

ஸ்டூடியோவை ஆரம்பித்தவன் நான். அதில் எனக்குத் தலையிட உரிமை உண்டா இல்லையா என்பதை ஒரு கிளாம்ப் முடிவு செய்ய வேண்டும் என்றாள், இருபத்திரண்டு வருடம் என்னோடு வாழ்ந்தவள். சரி என்றேன். ஒரு மாதம்கூடத் தாங்காது என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஒரு மாதம் தாங்கியது. மூன்று மாதம் தாங்கியது. தினமும் காலையில் போனதும் முதலில் நான் பார்ப்பது அதைத்தான். துரு இல்லை, விரிசல் இல்லை. எங்கள் தொழில்காரர்கள் கூடும் டீக்கடையில் விஷயம் பரவிவிட்டது. "என்ன ஒரிஜினல் மாமா, லைட் விழுந்துச்சா?" என்று ஒருவன் கேட்பான், மற்றவர்கள் சிரிப்பார்கள். ஃப்ளாஷுக்கும் டார்ச் லைட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள். அவர்கள் சிரிப்புக்கு நான் மதிப்புக் கொடுக்கவில்லை. டீக்கடையை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

ஏழாவது மாதம் ஒரு கல்யாணத்தில், பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறும் நேரத்தில் என் கேமரா பேட்டரி உயிரை விட்டது. கம்பெனி பேட்டரிதான். வயதாகிவிட்டது, அவ்வளவுதான். ஒரிஜினலுக்கு வயதாக உரிமை உண்டு. மைத்துனன் தன் பையிலிருந்து அவனுடைய பேட்டரியை எடுத்து நீட்டினான். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "பரவால்ல மாமா, போட்டுக்குங்க" என்றான். போட்டுக்கொண்டேன். அன்று முழுக்க அது தீரவே இல்லை.

பதினொரு மாதம் முடிந்தபின் என் மனைவி ஒரு தாளில் பட்டியல் எழுதத் தொடங்கினாள். இன்னொரு லைட், இன்னொரு ஸ்டாண்ட், நான்கு பேட்டரி. எல்லாம் தம்பி சொல்கிற கடையில். "இன்னும் இருபது நாள்தாங்க" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் கேலியாகச் சிரிக்கவில்லை, பிரியமாகத்தான் சிரித்தாள். அதனால்தான் எனக்கு அது பொறுக்கவில்லை.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கிளாம்பில் ஒரு பெரிய கைப்பிடித் திருகு உண்டு. அதை மைத்துனன் தினமும் காலையில் இறுக்குவான். இறுக்க மறந்துவிட்டான் என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. அது தப்பு. அவன் ஒருநாளும் மறந்ததில்லை. நியாயம் என்று ஒன்று இருக்கிறது, ஐயா. ஆனால் கீழே சின்னதாக ஒரு பூட்டுத் திருகும் உண்டு. ஒருமுறை மாட்டியபின் அதை யாரும் தொடுவதில்லை, பார்ப்பதும் இல்லை. திங்கட்கிழமை காலை, அவர்கள் இருவரும் வருவதற்கு அரைமணி முன்பு, திருகுச் சாவி போட்டு அதை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். கம்பி அசையாதவரை லைட் நிற்கும். இறக்கினால் விழும்.

நான் கொலைகாரன் இல்லை. எங்கள் ஸ்டூடியோவில் ஒரு பழக்கம் இருக்கிறது. குழந்தையைக் கூடையில் வைப்பதற்கு முன் அதே அளவில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, லைட்டை இறக்கி, வெளிச்சம் பார்த்துச் சரிசெய்வோம். அதன்பிறகுதான் குழந்தை. அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்ததே நான். பொம்மையின் மேல் விழும், மைத்துனன் முகம் சுருங்கும், பட்டியல் கிழியும். நான் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

பத்து மணிக்குக் குழந்தை வந்தது. அதன் அப்பாவும் அம்மாவும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் படங்களைத் திருத்தும் அறையில் இருந்தேன். நடுவில் கண்ணாடிதான், சத்தம் நன்றாகக் கேட்கும். என் மனைவியின் தோளில் குழந்தை சீக்கிரமே தூங்கிப்போனது.

"டேய், தூங்கிடுச்சு. பொம்மையெல்லாம் வேணாம், நேரா வெச்சிடறேன். முழிச்சுக்கிட்டா அவ்வளவுதான்" என்றாள்.

"சரிக்கா. நேத்து வெச்ச வெளிச்சமே போதும்."

பொம்மை அலமாரியிலேயே இருந்தது. அவள் குழந்தையைக் கூடையில் வைத்தாள், குனிந்து தொப்பியைச் சரிசெய்தாள். அது நெற்றியில் நழுவிக்கொண்டே இருந்தது, அவளும் விடாமல் சரிசெய்துகொண்டே இருந்தாள். மைத்துனன் கம்பியை இறக்கப் போனான். எனக்கு நேரம் இருந்தது. ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து கண்ணாடியைத் தட்டியிருக்கலாம். தட்டினால் அவன் நின்றிருப்பான், என்ன மாமா என்று கேட்டிருப்பான், கிளாம்பை ஒருமுறை தடவிப் பார்த்திருப்பான், திருகை இறுக்கியிருப்பான். அது மறுபடியும் தாங்கியிருக்கும். இன்னும் இருபது நாள் தாங்கியிருக்கும். நான் தட்டவில்லை.

குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. லைட் முழுவதும் அவள் பின்கழுத்தில்தான் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

மைத்துனன் ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து என் காலைக் கட்டிக்கொண்டான். "மாமா, அக்காவ நானே கொன்னுட்டேன் மாமா" என்று தலையில் அடித்துக்கொண்டான். அவனுக்கு நான் சொன்ன பதில் அங்கிருந்த நர்சுக்கும் கேட்டிருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

"அன்னிக்கே சொன்னேன். கேட்டியா?"

இத்தோடு விட்டிருப்பேன். அவன் எதையும் மறுக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டான். மூன்று நாளாக ஊர் முழுக்க என்னிடம் வந்து, "நீங்க சொன்னதுதான் சரி" என்று கையைப் பிடித்துக்கொண்டு போனது. டீக்கடைக்காரர்களும் வந்தார்கள். நேற்று மாலை உங்கள் நிபுணரின் அறிக்கையைப் படித்தேன். கிளாம்பை அளந்து பார்த்தாராம், எடை தொங்கவிட்டுப் பார்த்தாராம். "பொருளில் குறை ஏதும் இல்லை. அசலுக்கு நிகரான உறுதி. விபத்துக்குக் காரணம் திருகு தளர்ந்திருந்ததே" என்று எழுதியிருக்கிறார். படித்த மனுஷன் எழுதுகிற எழுத்தா அது. அந்த வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன்.

தளர்த்தியது நான். பார்த்துக்கொண்டிருந்ததும் நான். அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், பாவம். ஆனால் அந்த அறிக்கையைத் திருத்தச் சொல்லுங்கள், ஐயா. கம்பெனி கிளாம்பாக இருந்திருந்தால் அந்தத் திருகு என் கைக்கு அவ்வளவு சுலபமாகக் கழன்று கொடுத்திருக்காது. என் மனைவி இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள்.