தவளை மேசைக்கு வாங்கிய கையுறைகள்

மூன்று நாள் கண்காட்சியில் மேசை போடுகிறவர்கள் எதை மறந்தாலும் நல்ல நாற்காலியை மறக்கக் கூடாது. அங்கே கொடுக்கிற பிளாஸ்டிக் நாற்காலியில் பத்து மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போகும். நான் வீட்டிலிருந்தே மடக்கு நாற்காலி எடுத்துப் போவேன். நீங்கள் கொடுத்திருக்கும் இதுவும் மோசமில்லை, மேடம். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கண்காட்சிப் பக்கமெல்லாம் நீங்கள் போயிருக்க மாட்டீர்கள். காமிக்ஸுக்கும் கார்ட்டூனுக்கும் உயிரை விடுகிற ரசிகர்கள் வருடத்துக்கு நான்கு முறை ஒரு பெரிய கூடத்தில் கூடுகிறார்கள். சின்னப் பிள்ளைகள் இல்லை, வேலைக்குப் போகிற, மீசை நரைத்த ஆட்கள். அட்டையில் வாள் செய்து இடுப்பில் செருகிக்கொண்டு வருவார்கள். ஒருவர் முதுகில் ஆறடிக்கு இறக்கை கட்டிக்கொண்டு வருவார். அவர் திரும்பும்போதெல்லாம் ஏதாவது ஒரு மேசையில் சாமான் சரியும், மேசைக்காரர் அதை அள்ளி வைத்துவிட்டு அவரோடு நின்று படமும் எடுத்துக்கொள்வார். மானம் ரோஷம் பார்க்கிற இடமில்லை அது. அங்கே கையால் செய்த பொருட்களை விற்க ஒரு வரிசை மேசைகள் உண்டு. எங்கள் மேசை ஆறடி. மூன்றடி எனக்கு, மூன்றடி என் தங்கைக்கு.

நான் ஓவியக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்தவள். எண்ணெய் வண்ணத்தில் நிலக்காட்சி வரைகிறேன். என் தங்கை எதுவும் படிக்கவில்லை. ஒரு பல் மருத்துவரிடம் நோயாளிகளின் பெயரை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தனியாக உட்கார அலுப்பாக இருக்கிறதென்று நான்தான் அவளைக் கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாவது தடவையே அவளும் ஏதோ செய்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் செய்தது தவளை. மாலுமித் தொப்பி போட்ட தவளை. வாராவாரம் வருகிற ஒரு காமிக்ஸ் தொடரில் அதுதான் கதாநாயகனாம். ரெசின் என்று ஒரு திரவம் இருக்கிறது, அதில் ஹார்டனரைக் கலந்து அச்சில் ஊற்றினால் ஒரு நாளில் கண்ணாடி போல இறுகிவிடும். அவள் மெல்லிசாக ஒரு படலம் ஊற்றி, இறுகியதும் அதன்மேல் தவளையின் கால்களை மட்டும் வரைவாள். மறுபடி ஒரு படலம், அதன்மேல் வயிறு. இப்படிப் பன்னிரண்டு படலம். முடித்துக் கையில் எடுத்தால் தீப்பெட்டி அளவுக் கட்டிக்குள் தவளை நிஜத் தண்ணீரில் மிதப்பதுபோல இருக்கும். கைவேலை, அவ்வளவுதான். அதைக் கலை என்று சொல்லிக்கொண்டு அந்தக் கும்பல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

அவள் பக்கம் எள் விழ இடமிருக்காது. நான் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். தவளையைக் குனிந்து பார்க்க வசதியாகத் தங்கள் பைகளை என் படங்களின்மேல் வைப்பார்கள். நான் பையை எடுத்துத் தரையில் வைப்பேன். ஒரு முறை பச்சைச் சாயம் அடித்த தலையோடு ஒரு பெண் என் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். அல்லிக்குளம், நான்கு மாதம் வரைந்தது. கடைசியில், "ஆன்ட்டி, இதுல தவளை எங்க ஒளிஞ்சிருக்கு?" என்று கேட்டாள்.

என் குளத்தில் தவளை இல்லை என்றேன். அவள் போனபிறகு என் தங்கை என் தோளைத் தடவிக்கொடுத்து மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, ஓரமா ஒரே ஒரு தவளைய நீயும் வரைஞ்சு வையேன். உன் படமெல்லாம் பறந்துடும்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்குக் கெட்ட புத்தி கிடையாது, ரசனையும் கிடையாது. இப்படியே விட்டால் அவள் கை தவளையோடு நின்றுவிடும், உருப்படியாக எதையும் கற்றுக்கொள்ளாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சாமான் வாங்கித் தருவது எப்போதும் நான்தான், எது தரம் என்று எனக்குத்தான் தெரியும். இறுகாத ரெசின் தோலில் படக் கூடாது. பட்டுக்கொண்டே இருந்தால் ஒரு நாள் உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு ஆயுசுக்கும் தொட முடியாது. இதை முதல் நாளே அவளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். சொன்ன சொல் தட்டாமல் ஒவ்வொரு தடவையும் நீல நிறக் கையுறை போட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடுவாள்.

கையுறை நூறு நூறாகப் பெட்டியில் வரும். நான் பெட்டியை முதலில் என் வீட்டுக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றாக உருவி, விரல் நுனிகளில் பாசிமணி கோக்கிற ஊசியால் ஒரு குத்துக் குத்துவேன். அதைவிட மெல்லிய ஊசி கடையில் கிடையாது. பிறகு பழையபடி மடித்து உள்ளே வைத்துவிடுவேன். ஒரு பெட்டிக்கு ஒரு மத்தியானம் ஆகும். எட்டு மாதத்தில் ஆறு பெட்டி. நூறிலும் ஒன்றைக்கூட விட்டதில்லை, எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

முதலில் விரலிடுக்கில் அரிப்பு வந்தது. சோப்பை மாற்றினாள். கையுறைக்குள் பிசுபிசுக்கிறதே என்பாள், வேர்வையாக இருக்கும் என்பேன். ரெசின் வேலை செய்கிற எல்லாரும் ஒரு தப்பு செய்வார்கள். பிசுபிசுப்புப் போகத் தின்னரால் கையைத் துடைப்பார்கள். அது ரெசினைக் கரைத்துத் தோலுக்குள்ளேயே இறக்கிவிடும். அவளும் துடைத்தாள். நான் தடுக்கவில்லை. பாட்டில் தீர்ந்தபோது புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு கொப்புளம். அவள் விரல்களில் துணி சுற்றி, அதன்மேல் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்தாள். அவளுக்குப் பிடிவாதம் அதிகம். சாயந்தரமானால் நான் போய் விரல் விரலாக மருந்து தடவி ஊதிவிடுவேன். பெற்ற தாய்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று அவள் கணவர் சொன்னார். அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் விட்டுக்கொடுத்து அவள் அந்த வேலையை நிறுத்தியிருந்தால் நானும் நிறுத்தியிருப்பேன். ஒரு மாதம் ஓய்வெடு என்று இரண்டு தடவை சொன்னேன். அப்பா காலத்திலிருந்தே அவள் என் பேச்சைக் கேட்டதில்லை.

நிறுத்தாததற்குக் காரணம், அந்தக் காமிக்ஸ் நிறுவனத்திலிருந்து வந்த ஒரு அம்மாள். சாதாரணப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை. எங்கள் மேசையில் ஒரு கட்டியை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தொடரின் பத்தாவது ஆண்டுக்கு நிறுவனத்தின் பெயரிலேயே முந்நூறு தவளை வேண்டும், அடுத்த கண்காட்சியில் ஒப்பந்தம் போடலாம் என்றாள். கையால் செய்ததுதான் வேண்டும், அச்சடித்தது வேண்டாம் என்றாள். என் அல்லிக்குளத்தின்மேல் அவளுடைய தண்ணீர் பாட்டில் இருந்தது.

என் தங்கை பல் மருத்துவரிடம் வேலையை விட்டுவிட்டாள். அன்றைக்கு என் தோளில் சாய்ந்து அழுதாள். "எல்லாம் உன்னாலதான்க்கா," என்றாள். அந்த வாரத்துப் பெட்டியிலிருந்து ஒரு விரலுக்கு இரண்டு குத்துக் குத்தினேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். படலம் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண்ணிமை வீங்கி, தொண்டை அடைத்துக்கொண்டது. ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். இனி ரெசின் இருக்கிற அறைக்குள்ளேயே அவள் போகக் கூடாது, கைத்தோல் பழையபடி ஆகாது, மெல்லிய தூரிகையைப் பிடிக்க முடியுமா என்பது சந்தேகம் என்று தோல் மருத்துவர் சொல்லிவிட்டார். கையுறை போட்டுமா இப்படி என்று அவருக்கு ஒரு சந்தேகம், பெட்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அவள் கணவர் கொண்டுபோய்க் கொடுத்தார். மருத்துவர் ஒரு கையுறையில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாராம். ஐந்து விரலிலிருந்தும் நூல் நூலாகத் தண்ணீர் பீய்ச்சியதாம். பெட்டியில் மிச்சமிருந்த முப்பத்தொன்றும் அப்படித்தான். ஒன்றிரண்டு என்றால் தொழிற்சாலைக் கோளாறு என்று சொல்லியிருக்கலாம்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்து செய்தேன், தெரியாமல் செய்யவில்லை. ஆனால் அவளுக்குக் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இறக்கைக்காரர் கூட்டத்திலிருந்து அவளை வெளியே இழுத்தேன், அவ்வளவுதான். என்றைக்காவது ஒரு நாள் அவளுக்கே புரியும்.

நேற்று எதற்கு மருத்துவமனைக்குப் போனாய் என்று உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மன்னிப்புக் கேட்க என்று ஒருவர், மிரட்ட என்று இன்னொருவர். இரண்டும் இல்லை. அந்த முந்நூறு தவளை அப்படியே நிற்கிறது, மேடம். நிறுவனம் காத்துக்கொண்டிருக்கிறது. ஐந்து வருடம் படித்த கை எனக்கு இருக்கிறது. அவள் படுத்திருக்கிற இந்த மூன்று வாரமாக வேறு கடையில் நல்ல கையுறை வாங்கி, வீட்டில் நாற்பது செய்துவிட்டேன். தண்ணீர் அப்படியே வந்துவிட்டது. தொப்பி அவளுடையதைவிடத் திருத்தம். கண்தான் வரவில்லை. எந்தப் படலத்தில் வைத்தாலும் செத்த தவளை மாதிரி இருக்கிறது.

அதைக் கேட்கத்தான் போனேன். கண்ணை எத்தனையாவது படலத்தில் வைக்கிறாய் என்று கேட்டேன். மணிக்கட்டுவரை கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"இத நீ மொதல் நாளே கேட்டிருந்தா உக்கார வச்சு சொல்லிக் கொடுத்திருப்பேனேக்கா," என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சொல்லிக்கொடுப்பதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை என்பது அதிலேயே தெரிகிறது. வாக்குமூலம் வாங்க நீங்கள் அவளிடம் போவீர்கள் இல்லையா, அப்போது எத்தனையாவது படலம் என்று மட்டும் கேட்டு வந்து சொல்லுங்கள்.