யாரைக் கேட்டு நம்பரை மாத்தினீங்க

உட்கார்றதுக்கெல்லாம் நான் வரல தம்பி. தண்ணியும் வேணாம். யாரைக் கேட்டு என் கடைக் கணக்குல போன் நம்பரை மாத்தினீங்க, அதை முதல்ல சொல்லுங்க.

என்ன, என் நல்லதுக்கா? நல்லது பண்றவங்க ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ண மாட்டீங்களோ? தலையணை தைக்கிறவதானே, இவளை என்ன கேக்குறதுன்னு விட்டுட்டீங்க.

ஐயோ, உங்க சென்டரை நான் குறையே சொல்லல. எங்க தெருக் கடைங்களை எல்லாம் சேர்த்து நீங்க போன்ல விக்கிற அந்த ஆப்புல போட்ட பிறகுதான் என் மெத்தையும் தலையணையும் ஊர் தாண்டிப் போகுது. அதுக்கு முன்னாடி ஈ ஓட்டிட்டு இருந்தேன். இப்ப பஞ்சு அடைக்கவே ரெண்டு பொம்பளைங்க வராங்க. எல்லாம் உங்களாலதான், இல்லைங்கல. அதுக்காக என் வீட்டுக்குள்ள புகுந்து பாத்திரத்தை எல்லாம் இடம் மாத்தி வைப்பீங்களா?

உங்க பக்கத்து சீட்டுல இருக்கற அந்தப் பொண்ணைச் சிரிக்க வேணாம்னு சொல்லுங்க. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு ஏதாவது சொல்லிடப் போறேன்.

ஆமா, நோட்டீஸ் ஒட்டியிருந்தீங்க, படிச்சேன். ஒவ்வொரு பெண்ணும் தன் கணக்கைத் தானே நடத்தணும், அடுத்தவங்க கையை எதிர்பார்க்கக் கூடாதுன்னு. யாரு எதிர்பார்த்தா? அவர் போன பிறகு ஒத்தை ஆளா மிஷினை மிதிச்சு ஒரு பொண்ணைப் படிக்க வெச்சிருக்கேன். எனக்கு வந்து சொந்தக் கால்ல நிக்கச் சொல்லிக் குடுக்குறீங்க.

தெரியும் தம்பி, ஓடிபி இப்ப என் போனுக்கே வருது. காலைல வந்துச்சு, அடிச்சேன், கடை திறந்துருச்சு. ஆர்டர் கூட வந்து நிக்குது. ரொம்ப சுலபம். அதான் எனக்கு வயிறு எரியுது.

முன்னாடியா? நீங்க எங்க கடைங்களைச் சேர்த்தப்ப எனக்குக் கணக்கை ஆரம்பிச்சுக் குடுத்தது என் பொண்ணு. அவ நம்பரைத்தான் போட்டா. காலைல நான் ஆப்பைத் திறந்தா ஓடிபி அவளுக்குப் போகும், அவ எனக்கு அனுப்புவா. ஆமா, ரெண்டு நிமிஷம்தான், அப்புறம் செல்லாது. அதுக்கென்ன? ஒரு நாள் கூட அவ அதைச் செல்லாமப் போக விட்டதில்ல. எந்த பஸ்ல நசுங்கிட்டு இருந்தாளோ, யாருக்குத் தெரியும். டாண்ணு வந்துரும்.

போன் பண்ணிப் பேசலாமேவா? எங்க பேசறது! கடையைப் பார்த்துக்கடின்னேன். வெளியூர் வேலைக்குத்தான் போவேன்னு நின்னா. வார்த்தை தடிச்சுப் போச்சு. அதோட அவளும் கூப்பிடல, நானும் கூப்பிடல. பிடிவாதம் அப்படியே என்னை உரிச்சு வெச்சிருக்கு. காலைல அந்த ஆறு நம்பர் மட்டும் வரும். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல், ஆப்பைத் திறக்கவே இல்ல. சாயங்காலம் போனைப் பார்த்தா அவகிட்டேருந்து ஒரே ஒரு கேள்விக்குறி. வேற ஒண்ணும் எழுதல. மறுநாள் காய்ச்சலோடவே எழுந்து கடையைத் திறந்தேன்.

இன்னிக்கு அவளுக்கு ஒண்ணும் போயிருக்காது.

உங்க ரிப்போர்ட்ல என்ன வேணா எழுதிக்குங்க, இந்தம்மா திருந்தலன்னே எழுதிக்குங்க. பழைய நம்பரைப் போடுங்க. நான் இன்னொரு தடவை கடையைத் திறக்கணும்.