அலோன் வீட்டில் எத்தனை அடி தண்ணீர்?

முஜிபு: மூணடி. எழுதுங்கண்ணே, மூணடி.

கரீமா: எழுதாதீங்கண்ணே. கணுக்கால் வரைக்கும்தான்.

முஜிபு: கணுக்காலா? நர்கிஸ் புயலன்னிக்கி நீ கட்டிலு மேல ஏறி நின்னது கணுக்கால் தண்ணிக்கா?

கரீமா: அது பாம்புக்குப் பயந்து ஏறுனது.

முஜிபு: பாம்பு என்ன பஸ்ஸுலயா வந்துச்சு? தண்ணியிலதானே மெதந்து வந்துச்சு.

ஜெபதாஸ்: பாய்... தங்கச்சி... கொஞ்சம் மெதுவா. இந்த ரங்கூன் கோர்ட்டு வாசல் நடைபாதையில பத்து டைப்பு மிஷின் இருக்கு. பத்தும் நின்னு போச்சு. எல்லாவனும் உங்க அலோன் பேட்டை வீட்டுத் தண்ணியத்தான் கேட்டுக்கிட்டு இருக்கான்.

முஜிபு: கேக்கட்டும். நாலடின்னே போடுங்க.

கரீமா: இப்பத்தானே மூணுன்னீங்க?

முஜிபு: பேசப் பேச ஏறுது.

ஜெபதாஸ்: அந்தக் கட்டத்த விட்டுட்டு மத்ததப் பாப்போம். பேரு என்ன போட? பள்ளிவாசல் பேரா, ஆபீஸ் பேரா?

முஜிபு: கார்டுல ஊ திங் மவுங்னு இருக்கு.

கரீமா: எந்த கார்டுல? வெள்ளக் கார்டுலதானே. அதுல குடிமகன்னும் இல்ல, வெளிநாட்டான்னும் இல்ல. பேரு மட்டும் நல்லா பர்மாக்காரன் பேரு.

ஜெபதாஸ்: முஜிபுர் ரஹ்மான், அப்புறம் 'என்கிற ஊ திங் மவுங்'னு அடிச்சிர்றேன். பாய், ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த மெலாருத் தீவு நாட்டுல கடல் ஏறுது, இருக்கிறவனெல்லாம் மூட்ட கட்டுறான்னு பேசிக்கிறாங்க. நீங்க அந்த நாட்டுல குடிமகனாவுறதுக்கு மனு அடிக்கச் சொல்றீங்க.

முஜிபு: அங்கதான்ணே விசயமே இருக்கு. ஆளெல்லாம் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போயிட்டா, ஆளில்லாத நாடு என்ன நாடுன்னு பெரிய நாடுங்க சபையில இவங்க நாற்காலியத் தூக்கிருவாங்களாம். அதனால எந்த நாடும் சேத்துக்காத ஆளுங்களாப் பாத்து பாஸ்போர்ட் குடுக்குறாங்க.

ஜெபதாஸ்: எந்த நாடும் சேத்துக்காத ஆளு வேணும்னா ரங்கூனுக்குத்தான் வரணும்.

முஜிபு: நம்மகிட்ட தரை இருக்கு, நாடு இல்ல. அவங்ககிட்ட நாடு இருக்கு, தரை போய்க்கிட்டிருக்கு.

கரீமா: எம் பொண்ணு நாஜியாவுக்காகத்தான்ணே. பத்தாவதோட ஸ்கூலு முடிஞ்சு போச்சு, ஆறு பாடத்துலயும் டிஸ்டிங்ஷன். இஞ்சினியரிங் எடம் கேட்டுப் போனா வெள்ளக் கார்டுக்காரங்க புள்ளைக்கு எடமில்லன்னுட்டாங்க. மெலாருக்காரங்களுக்கு வெளிநாட்டு காலேஜுல ஒதுக்குன எடமெல்லாம் சும்மா கெடக்குதாம். படிக்கப் புள்ள இல்லாம.

ஜெபதாஸ்: உங்க வெள்ளக் கார்ட இங்க எதுக்குமே ஏத்துக்க மாட்டாங்களா?

கரீமா: ஏன், ஓட்டுப் போட ஏத்துக்குவாங்களே. அடுத்த மாசம் எலெக்‌ஷன்னு வார்டு ஆபீஸ்ல இருந்து ரெண்டு தடவ வந்து பேரு சரிபாத்துட்டுப் போனாங்க. படிக்கத்தான் கார்டு செல்லாது. ஆட்சியத் தாங்கிப் பிடிக்க மட்டும்...

ஜெபதாஸ்: தங்கச்சி, மெதுவா. எதுத்த டீக்கடையில ஒக்காந்திருக்கிறவரு புது ஆளு. ஒரு மணி நேரமா ஒரே கோப்பை.

முஜிபு: தீவு நாட்டப் பத்தித்தானே பேசுறோம். அதுக்கு யாரு கேக்கப் போறா?

ஜெபதாஸ்: சரி, தீவப் பத்தியே பேசுங்க. அங்க அரசியலு எப்பிடி?

முஜிபு: ரெண்டு கட்சி. சுவர்க் கட்சி, படகுக் கட்சி. கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ்ல இருக்கானே பர்கத்துல்லா, அவன் அவங்க பேப்பரெல்லாம் படிச்சுக் காட்டுனான். சுவர்க் கட்சி சொல்லுது, நாட்டச் சுத்திச் சுவரு கட்டுவோம்னு. படகுக் கட்சி சொல்லுது, வீட்டுக்கு ஒரு படகு வாங்குவோம்னு. அஞ்சு வருசமா பார்லிமெண்ட்டுல இதே பேச்சு.

ஜெபதாஸ்: கடலு?

முஜிபு: அது பேச்சு முடியட்டும்னு காத்துக்கிட்டா இருக்கும்? ஒருநா பார்லிமெண்ட்டுக்குள்ளயே வந்திருச்சு. சபாநாயகரு எந்திரிச்சு, உறுப்பினர் அட்டை இல்லாத எதுவும் சபைக்குள்ள வரக் கூடாதுன்னு தீர்ப்புச் சொன்னாராம்.

ஜெபதாஸ்: அட்டை இல்லன்னா வெளிய நில்லுன்னு சொல்றதுல எல்லா ராஜாங்கமும் ஒண்ணுதான்.

கரீமா: தண்ணி கேட்டுச்சா?

முஜிபு: அதுக்கென்ன புள்ள காலேஜுலயா சேரணும்? கேக்கல. அப்புறம் சுவர்க் கட்சி ஜெயிச்சு, சுவரும் கட்டுனாங்க. காண்ட்ராக்ட்டு மந்திரியோட மச்சானுக்கு. அவன் மணல எங்க எடுத்தான் தெரியுமா?

ஜெபதாஸ்: சொல்லாதீங்க.

முஜிபு: கடற்கரையில.

ஜெபதாஸ்: கர்த்தரே.

முஜிபு: போன வருசம் உலக மாநாட்டுல அவங்க தலைவருக்குப் பேச மூணு நிமிசம் குடுத்தாங்களாம். எங்க நாடு முங்குது, உங்க ஃபாக்டரிப் பொகையக் கொறைங்கன்னு அழுதிருக்காரு. எல்லாப் பெரிய நாடும் எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சாம்.

கரீமா: அப்புறம்?

முஜிபு: அப்புறம் சாப்பாடு. மீனு.

ஜெபதாஸ்: பாவம்...

முஜிபு: நம்ம நாட்டப் புடிச்சு வச்சிருக்கிற பெரியவங்க எவ்வளவோ தேவல. தண்ணி வர்றதுக்கு முன்னாடியே ரங்கூன்ல இருந்த தலைநகரத்தத் தூக்கிட்டுப் போயி மேட்டுக் காட்டுல வச்சுட்டாங்க. தீர்க்கதரிசிங்க.

ஜெபதாஸ்: பாய். டீக்கடை.

முஜிபு: பாராட்டித்தானேண்ணே பேசுறேன்.

ஜெபதாஸ்: நீங்க பாராட்டுற மாதிரி இங்க யாரும் பாராட்ட மாட்டாங்க. அதுதான் பயமா இருக்கு. இருங்க, அடிச்சவரைக்கும் தமிழ்ல சொல்றேன், சரியான்னு பாருங்க. 'மகாராஜராஜஸ்ரீ அதிபர் அவர்கள் சமூகத்துக்கு, அடியேன் பணிவுடன் எழுதிக்கொண்டது. நான் இந்த மண்ணிலே பிறந்தேன், இந்த மண்ணிலேயே அடங்குவேன்...'

கரீமா: எந்த மண்ணுலண்ணே?

ஜெபதாஸ்: ஐயய்ய.

முஜிபு: என்ன?

ஜெபதாஸ்: கைப் பழக்கம் பாய். முப்பது வருசமா குடியுரிமை மனுன்னா ரெண்டாவது பாரா இதுதான். எத்தன பேருக்கு அடிச்சிருக்கேன்... நான் பாக்கிறதே இல்ல, வெரலு தானாப் போயிரும்.

முஜிபு: அந்த மண்ணுக்கே இன்னும் அம்பது வருசம்தான் கெடுன்னு சொல்றாங்க. அதுல போயி அடங்குறதா?

ஜெபதாஸ்: அழிச்சா அஞ்சு காப்பியிலயும் ஓட்ட விழும். 'பிறந்தேன்'ன மட்டும் எக்ஸ் போட்டு அடிச்சிர்றேன். 'அடங்குவேன்' இருக்கட்டும். நம்ம மண்ணு கடைசி வரைக்கும் நிக்கும்னு நம்புறவன் ஒருத்தனாச்சும் இருக்கானேன்னு அவங்களுக்கும் ஒரு தெம்பா இருக்கும்.

கரீமா: மணி ரெண்டே காலாச்சு. மூணு மணிக்கு ஏஜெண்ட் ஆபீஸ் சாத்திருவாங்க, கவரு இந்தக் கப்பல்லயே போகணும். கடைசித் தேதி. நாஜியா அந்த வாசல்லயே போயி நிக்கிறா. காலையில சாப்புடக்கூட இல்ல.

முஜிபு: அப்ப அந்தப் பதினோராம் கட்டத்த முடிங்க. அஞ்சு வருசத்துக்குள்ள வீட்டுக்குள்ள எத்தன அடி தண்ணி வந்துச்சு? நாலடி.

கரீமா: கணுக்கால்.

முஜிபு: ஏன்டி உண்மையச் சொன்னா என்ன? அவங்களும் தண்ணியில கெடக்குறவங்க. நாமளும் கெடந்தவங்கன்னு தெரிஞ்சா மனசு எரங்க மாட்டாங்களா?

கரீமா: எரங்கி? நம்ம வீட்டுக்குள்ள பாம்பு வந்தது, கட்டிலு மெதந்தது எல்லாம் வேற நாட்டு அதிபருக்கு எதுக்குத் தெரியணும்? மானக்கேடு.

முஜிபு: புயலுல என்ன மானக்கேடு?

கரீமா: அப்ப வேற செய்வோம். அண்ணே, அலோன் அட்ரஸே வேணாம். மாவ்பி ஊருல என் கூடப் பொறந்த லாத்தா வீடு இருக்கு. நல்ல மேடு. அந்த அட்ரஸப் போடுங்க, தண்ணியே வரலன்னு போடுங்க.

முஜிபு: குடும்ப லிஸ்ட்டுல அலோன்னுல்ல இருக்கு. பொய் அட்ரஸு குடுத்து ஒரு நாட்டுக்குள்ள நொழையணுமா?

கரீமா: உங்க பேரே ரெண்டு இருக்கு. அட்ரஸும் ரெண்டு இருந்துட்டுப் போகட்டும்.

ஜெபதாஸ்: பாய், தங்கச்சி சொல்றதுல ஒரு... நாயம் இருக்கு. மேடுன்னா பாக்கிறவங்களுக்கு ஒரு நல்ல... இதா இருக்கும்.

முஜிபு: எதா இருக்கும்?

ஜெபதாஸ்: சும்மா தோணுச்சு.

முஜிபு: உங்களுக்கும் அப்பிடித் தோணுதா?

ஜெபதாஸ்: அத விடுங்க. நான் இன்னொண்ணு சொல்லணும். இந்தப் பாஸ்போர்ட் வந்துட்டா மூணு பேரும் வெள்ளக் கார்டத் திருப்பிக் குடுக்கணும். அதுக்கப்புறம் நீங்க வெளிநாட்டுக்காரரு. இங்க இருக்கணும்னா விசா எடுக்கணும்.

முஜிபு: எடுத்துட்டாப் போச்சு.

ஜெபதாஸ்: வெளிநாட்டுக்காரரு வீட்டுல தங்கக் கூடாது பாய், சட்டம். ஹோட்டல்லதான் படுக்கணும். நீங்க அலோன்ல உங்க சொந்தக் கட்டில்ல ஒரு ராத்திரி படுத்தீங்கன்னா, வெளிநாட்டான வீட்டுல வச்சிருந்தான்னு வீட்டுக்காரன் மேல கேசு.

கரீமா: வீட்டுக்காரரு யாரு?

ஜெபதாஸ்: அவருதான்.

கரீமா: இவரு வந்து தங்குனதுக்கு இவரு மேலயே கேசா...

முஜிபு: நாஜியா?

ஜெபதாஸ்: என்ன பாய்?

முஜிபு: அவ படிக்கப் போயிட்டு லீவுக்கு வந்தா? அவளும் ஹோட்டல்லயா?

ஜெபதாஸ்: விசா குடுத்தா ஹோட்டல்ல. குடுக்கலன்னா... வர மாட்டா.



கரீமா: படிச்சு ஆளாகட்டும். எங்க இருந்தா என்ன? இங்க இருந்து என்னத்தக் கண்டோம், டீக்கடையில தட்டு கழுவவா அவ ஆறு டிஸ்டிங்ஷன் வாங்குனா?

முஜிபு: அஞ்சடின்னு போடுங்கண்ணே.

கரீமா: என்னங்க இது...

முஜிபு: அஞ்சடி. கூரையில ஏறி நின்னோம்னு எழுதுங்க.

கரீமா: அல்லாவே. அண்ணே, உங்க கையப் புடிச்சுக் கேக்குறேன். கணுக்கால்னு போடுங்க. இல்ல, சும்மா ஈரம் பட்டுச்சுன்னு போடுங்க.

முஜிபு: ஏன் இப்பிடிக் கெஞ்சுற?



ஜெபதாஸ்: சொல்லிரு தங்கச்சி. மணி ரெண்டரை.

முஜிபு: என்னத்தச் சொல்றது?

கரீமா: திட்டக் கூடாது. போன வருசம் நானே ஒரு மனு போட்டேன். உங்களுக்குத் தெரியாம. இதே ஃபாரம்தான். மூணடின்னு உண்மையா எழுதுனேன்.

ஜெபதாஸ்: நாந்தான் பாய் அடிச்சுக் குடுத்தேன். சொல்ல வேணாம்னு கேட்டுக்கிச்சு.

முஜிபு: ம்.

கரீமா: ரெண்டு மாசத்துல பதில் வந்துச்சு. உங்கள் துயரத்தில் நாங்களும் அழுகிறோம்னு மொத வரி. தண்ணியில அடிபட்டவங்களச் சேத்துக்க எங்க நாட்டுல எடமில்ல, மேட்டுல வீடு வச்சிருக்கிறவங்களுக்குத்தான் பாஸ்போர்ட்டுன்னு ரெண்டாவது வரி. கீழ முத்திரை, கையெழுத்து.

ஜெபதாஸ்: அவங்க நெலம அப்பிடி பாய். நாளைக்கி மொத்தமா முங்கிட்டா பார்லிமெண்ட்ட எங்கயாச்சும் கூட்டணும்ல. குடிமகன் வீட்டுலதான் கூட்டணும். அங்கயும் தண்ணின்னா?

கரீமா: முங்குற நாடு கூட முங்குனவள வேணாம்னுருச்சு. அதான் சொல்றேன், தண்ணிய எழுதாதீங்கன்னு. இதும் போச்சுன்னா நாஜியாவுக்கு வேற கதவே இல்லீங்க.

முஜிபு: தெரியும்.

கரீமா: என்ன தெரியும்?

முஜிபு: அந்த லெட்டரு. அரிசி டின்னுக்கு அடியில மடிச்சு வச்சிருந்த. நோம்புக்கு முன்னாடியே பாத்துட்டேன். பர்கத்துல்லாகிட்ட குடுத்துப் படிக்கவும் சொன்னேன்.

ஜெபதாஸ்: பாய்... அப்ப தெரிஞ்சேதான் நாலடி, அஞ்சடின்னு...

கரீமா: தெரிஞ்சுமா? பெத்த புள்ள அங்க வாசல்ல நிக்கிறா. தெரிஞ்சுமா அஞ்சடி போடச் சொல்றீங்க?

முஜிபு: அவ போனா திரும்ப வர மாட்டா கரீமா. நான் வேணாம்னு சொன்னா அவ சாகுற வரைக்கும் என்னிய மன்னிக்க மாட்டா. அதையே ஒரு ராஜாங்கம் வேணாம்னு சொல்லிட்டா... அது நம்ம குடும்பத்துக்குப் பழக்கந்தானே.

•

ஜெபதாஸின் மிஷினில் காகிதம் இன்னும் அப்படியே நிற்கிறது. பதினோராம் கட்டம் மட்டும் காலி. மூன்று மணிக்கு ஆபீஸ் சாத்திவிடுவார்கள். படிக்கிறவர்களைக் கேட்கிறேன்: அவருடைய முக்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் எத்தனை அடி என்று அடிப்பீர்கள்? மகள் பக்கமா, தகப்பன் பக்கமா? மனதில் பட்டதை அப்படியே கீழே எழுதுங்கள்.