மூன்று இடத்திலிருந்து பார்த்த புள்ளி

எழுதுவதற்கு எனக்கு ஏற்ற நேரம் காலை ஆறு மணி, பல் துலக்குவதற்கு முன்பு. பல் துலக்கிவிட்டால் கொஞ்சம் யோக்கியனாகிவிடுகிறேன். கதை சரியாக வராது. ஐயா, நீங்கள் கொடுத்த இந்தத் தாளில் மாலை நான்கு மணிக்கு எழுதுகிறேன். நடை தட்டையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தினேன். ஓய்வு பெற்ற மறுமாதம் இணையத்தில் ஒரு வலைப்பூ தொடங்கினேன். அதில் எழுதியதெல்லாம் புளுகு. எங்கள் அச்சகத்தில் ஒருமுறை ஒரு புத்தகம் ஒரு பிழைகூட இல்லாமல் வந்துவிட்டது, முதலாளி கலவரப்பட்டு எல்லாப் பிரதிகளையும் திரும்ப வாங்கிக் கொளுத்திவிட்டார் என்று எழுதுவேன். படித்தவர்கள் சிரித்தார்கள். படித்தவர்கள் பன்னிரண்டு பேர்.

மாடிவீட்டில் சர்வேயர் இருந்தார். நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்விட்டார், மகள் வேறு ஊரில். அவருக்கும் வலைப்பூ தொடங்கிக் கொடுத்தது நான்தான். வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்கள் குறைவு. அதில் ஒன்று இப்படி முடிந்தது.

அவர் வலைப்பூ எலும்பு மாதிரி வறட்சி. நாலு பேர் நம்பும் ஒரு சங்கதியை எடுத்துக்கொள்வார். எலுமிச்சை தேய்த்தால் துரு போகுமா, மூடி போட்டால் தண்ணீர் எத்தனை நிமிடம் முன்னதாகக் கொதிக்கும், இப்படி. அதற்கு அவர் வைத்திருந்த விதி இரண்டு. ஒன்று, ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று பேர் அதை எழுதியிருக்க வேண்டும். இரண்டு, தானே அளந்து பார்த்த பிறகுதான் எழுதுவார்.

"யோவ், ஒரு கல்லு எங்க இருக்குன்னு சொல்லணும்னா மூணு இடத்துல நின்னு பாக்கணும்" என்பார். "மூணு கோடும் ஒரே புள்ளியில வெட்டிக்கிட்டா கல்லு அங்கதான் இருக்கு. ஒருத்தன் சொன்னா அது பேச்சு. மூணு பேர் சொன்னா அளவு."

"மூணு பேரும் சேந்து புளுகினா?"

"உன்ன மாதிரி மூணு பேரையா கடவுள் படைச்சிருப்பான்? ஒண்ணு செஞ்சதுக்கே அவனுக்குக் கை வலிச்சிருக்கும்."

ஐயாவுக்கு இந்த உலகம் பழக்கமில்லை என்றீர்கள். திரட்டி என்று ஒரு தளம் உண்டு. வலைப்பூக்களை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, யாருக்கு எத்தனை சுட்டி கிடைத்திருக்கிறது என்று எண்ணிப் பட்டியல் போடும். சுட்டி என்றால், ஒருவர் தம் பதிவிலிருந்து 'அங்கே போய்ப் படியுங்கள்' என்று இன்னொருவரின் பக்கத்துக்குப் போட்டுக் கொடுக்கும் வழி. அதிகச் சுட்டி வாங்கியவர் முதலிடம். சர்வேயருக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. எனக்கு ஒன்பது, அதில் நான்கு நானே எனக்குப் போட்டுக்கொண்டது.

"மேல்வீட்டு அண்ணனுக்கு எரநூறாமே" என்றாள் என் மனைவி. "நீங்க எழுதறத பழைய பேப்பர்காரன்கூட எடுக்க மாட்டான் போலிருக்கே."

அதனால் மூன்று வலைப்பூக்கள் தொடங்கினேன். ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர், வெளிநாட்டில் குடியிருக்கும் குடும்பத்தலைவி ஒருத்தி, பழைய ராணுவக்காரர் ஒருவர். ராணுவக்காரருக்கு ஒற்று வராது. வேண்டுமென்றே பிழை விட்டு எழுதுவது எனக்கு எத்தனை வேதனை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். மூவரும் எனக்குச் சுட்டி கொடுத்தார்கள், ஒருவரையொருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சில வாரத்தில் முன்பின் தெரியாதவர்களும் கொடுக்க ஆரம்பித்தார்கள். நூறு பேர் கைகாட்டும் இடத்தை நூற்றோராவது ஆள் சந்தேகப்படுவதில்லை. டாக்டருக்கு என்னைவிட அதிகமாகவே கிடைத்தது. அவரிடம் மக்கள் முழங்கால் வலிக்கு யோசனை கேட்டார்கள். சொன்னேன்.

இருந்தும் பட்டியலில் இரண்டாவது இடத்தோடு நின்றுவிட்டேன்.

சர்வேயர் ஒருமுறை, ஒரே ஒருமுறை, பொய்யைச் சத்தியம் என்று எழுதிவிட்டால் போதும் என்று தோன்றியது. மறுநாளே நான் அதை உடைத்துக் காட்டுவேன், அவர் பெயர் கொஞ்சம் கெடும், அவ்வளவுதான். அவர் ரத்த அழுத்தத்துக்குத் தினம் மாத்திரை சாப்பிடுபவர் என்பதால் அந்த விஷயத்தையே எடுத்தேன். மாத்திரை உடம்பைச் சோம்பேறியாக்கிவிடுகிறது, வருடத்தில் நாற்பது நாள் நிறுத்தினால் அழுத்தம் தானாகச் சமமாகும் என்று டாக்டர் எழுதினார். என் வீட்டுக்காரருக்கு இப்படித்தான் சரியானது என்று குடும்பத்தலைவி எழுதினாள். எங்கள் படைப்பிரிவில் இது பழைய வழக்கம் என்று ராணுவக்காரர், ஏழு பிழைகளோடு, எழுதினார்.

பத்து நாள் கழித்து சர்வேயர் நோட்டோடு கீழே வந்தார்.

"மூணு இடத்துல பாத்துட்டேன்யா. கோடு மூணும் ஒரே புள்ளியில வெட்டுது. நாளைலேர்ந்து மாத்திரைய நிறுத்தப் போறேன்."

"நீங்க எதுக்கு நிறுத்தணும்? அப்படியே எழுதிடுங்களேன்" என்றேன்.

"அளக்காம எழுதறது உன் தொழில்."

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மூன்று பேரும் நான்தான் என்பதையும் சொல்ல வேண்டும், அதுவும் அவள் முன்னால். தேநீர் ஆறுகிறது என்று மட்டும் சொன்னேன்.

தினமும் பதினோரு மணிக்கு அழுத்தம் பார்க்கும் கருவியோடு இறங்கி வருவார். கையில் பட்டையைச் சுற்றுவது நான். ஒற்றைக் கையால் அவருக்குச் சரியாக வராது. எண்ணை நோட்டில் குறித்துக்கொள்வார். எட்டாம் நாள் டாக்டரின் பதிவின் அடியில் கேட்டிருந்தார்: 'தலை கனமாக இருக்கிறது. தொடரலாமா?' டாக்டர் பதில் எழுதினார்: 'இயல்புதான். உடல் விழித்துக்கொள்கிறது.'

முப்பத்தொன்றாம் நாள் மாடிப்படியில் விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், பேச்சு திரும்பவில்லை.

மகள் வந்தாள். எல்லாம் முடிந்த மறுநாள் என் முன்னறையில் உட்கார்ந்து, "மாமா, அந்த டாக்டர் யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. அப்பா ரெண்டே பேரைத்தான் நம்பினார். ஒண்ணு அந்த ஆளு, இன்னொண்ணு நீங்க" என்றாள். அவள் வருவதற்குள் மூன்று வலைப்பூக்களையும் அழித்திருந்தேன். இருந்தாலும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தேடினேன். "அழிச்சிட்டு ஓடிட்டான்மா, அயோக்கியன்" என்றேன். அழுகை வந்துவிட்டது, அது நிஜ அழுகை. அவள் என் தோளைத் தட்டி, "விடுங்க மாமா" என்றாள். அந்தக் கை பட்ட இடத்தை இன்னும் என்னால் சும்மா இருக்க விட முடியவில்லை, தேய்த்துக்கொண்டே இருக்கிறேன்.

சர்வேயருக்கு அஞ்சலி எழுதினேன். என் எழுத்திலேயே பொய்யில்லாத பதிவு அதுதான். முந்நூற்று நாற்பது பேர் சுட்டி கொடுத்தார்கள். முதலிடம் வந்துவிட்டது. பட்டியலைப் பார்த்திருக்கக் கூடாது, பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன்.

வலைப்பூவை அழித்தால் மறுமொழிகளும் போய்விடும் என்று நினைத்தேன். அவை ஒவ்வொன்றும் சர்வேயரின் மின்னஞ்சலுக்கும் போயிருக்கின்றன. மகள் அவற்றை அச்செடுத்து உங்களிடம் கொடுத்தாள். நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன் என்பதை நல்ல குணமாக எழுதிக்கொள்ள வேண்டாம். உங்கள் ஆட்கள் பக்கத்துத் தெருவரை வந்துவிட்டதாக மருந்துக்கடைக்காரர் சொன்னார்.

இதுவரை எழுதியதுதான் காலையில் உங்களிடம் வாயால் சொன்னதும். விளையாட்டு வினையாகிவிட்டது என்று சொன்னேன். நீங்களும் தலையாட்டினீர்கள். இருபத்திரண்டாம் நாளைப் பற்றிச் சொல்லவில்லை.

அன்று கருவி நூற்றுத் தொண்ணூறு காட்டியது. சர்வேயர் நோட்டை மூடினார்.

"பொய்யா. சுத்தப் பொய். இன்னிக்கே மாத்திரை போட்டுடறேன். நாளைக்கு எழுதி கிழிச்சுடறேன். அப்புறம் இந்த மூணு பேரும் யாருன்னு தோண்டி எடுக்காம விட மாட்டேன்."

"விடுங்க சர்வேயர், எவனோ என்னமோ எழுதிட்டான்."

"எப்படிய்யா விடறது? நம்பி எவனாவது செத்துப்போனா?"

என் பொறியில் அவர் விழவே இல்லை ஐயா. அவர் விதி அவரைக் காப்பாற்றிவிட்டது. படியேறிப் போன கையோடு அவர் டாக்டரின் பதிவின் அடியில் 'இன்றோடு நிறுத்துகிறேன்' என்று எழுதினார். நான் உள்ளறையில் உட்கார்ந்து, டாக்டராக அவருக்குப் பதில் எழுதினேன்: 'நாற்பது நாள் சோதனையை இருபத்திரண்டில் நிறுத்திவிட்டு முடிவு சொல்வது அளவு ஆகாது, அபிப்பிராயம்தான் ஆகும். உங்களிடம் நான் இதை எதிர்பார்க்கவில்லை.' அவரைத் தெரிந்த ஒருவனால்தான் அந்த வாக்கியத்தை எழுதியிருக்க முடியும். அரை மணியில் பதில் வந்தது: 'நீங்கள் சொல்வது நியாயம். முடித்துவிட்டே எழுதுகிறேன்.'

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இன்னும் பதினெட்டு நாள் எழுதாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். நூற்றுத் தொண்ணூறு என்றால் என்ன என்று தெரியாது என்று காலையில் சொன்னேன். தெரியும். நானும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறேன், அந்த மாதம் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.