தேர்ந்தெடுத்த ஸ்பிரிங்

பிஸ்டனைப் படத்தில் பார்த்து வாங்கக் கூடாது. கையில் எடுத்து, விரலால் தடவிப் பார்த்து வாங்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கராஜ் வைத்திருந்த காலத்திலிருந்தே எனக்கு அந்தப் பழக்கம். அன்ரனிற்றா, மொழிபெயர்க்கத்தானே உங்களை என் பக்கத்தில் இருத்தியிருக்கிறார்கள். இதையும் பொலிஸ்காரருக்குச் சொல்லுங்கள். தியாகராசாவின் காருக்குக் கண்ட கண்ட சாமானைப் போட்டேன் என்று அவர் நினைக்கக் கூடாது.

அது ஓர் அமெரிக்கப் படையாள் விட்டுப்போன பழைய மஸ்டாங். எட்டுச் சிலிண்டர் எஞ்சின், உள்ளே துருவும் கரியும். அகதி என்ற அங்கீகாரம் கிடைத்ததும் தியாகு செய்த முதல் வேலை அதை வாங்கியதுதான். இந்த ஜேர்மன் நகரத்தில், பீலெஃபெல்டில், எங்கள் சனமெல்லாம் பஸ்ஸுக்கு நிற்க, தியாகு துரைக்கு மஸ்டாங் கேட்டது. "மச்சான், நீதான் இதுக்கு உயிர் குடுக்கோணும்" என்றான். எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. சிநேகிதனின் காரைத் திருத்த யாருடைய அனுமதியும் தேவையில்லை.

நாங்கள் ஒன்றாகக் கிழக்குப் பேர்லினில் இறங்கி, ஒன்றாக மேற்கே வந்தவர்கள். ஒரே அறை, ஒரே சட்டி. அவனுக்கு டொச் மொழி சுறுக்காக வந்துவிட்டது. என் அகதி விசாரணைக்கு அவனே மொழிபெயர்க்க வந்தான். "ஊருக்குத் திரும்பிப் போக ஏலாதோ எண்டு கேக்கினம்" என்றான். "ஓம்" என்றேன். அவன் அவர்களிடம் டொச்சில் "யா" என்றான். என் விண்ணப்பம் விழுந்தது. திரும்பிப் போகலாம் என்று நானே ஒப்புக்கொண்டேனாம், வழக்கறிஞர் சொன்னார். என் கராஜை எரித்து, தம்பியை ஆமி இழுத்துக்கொண்டு போன ஊருக்கு.

தியாகுவிடம் கேட்டேன். "நீ சொன்னதைத்தான்ரா சொன்னனான்" என்றான், என் முகத்தைப் பார்த்தே. கூடப்பிறந்தவன் மாதிரி இருந்தவன், தனக்கு ஓர் இடம் கிடைத்ததும் என்னைக் கழற்றி விட்டான். நான் சண்டை பிடிக்கவில்லை. கார் வேலையைத் தொடங்கினேன்.

பிஸ்டன், பெயாரிங், வால்வு எல்லாம் முதல் தரம். தியாகு மலிவான சாமானைக் காட்டியபோதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "என்ரை காரிலை உனக்கு இவ்வளவு அக்கறையோடா!" என்று சிரித்தான். வேகமாகப் போகாத கார் யாரையும் கொல்லாது. அதனால்தான் நல்லதாகப் பார்த்து வாங்கினேன்.

ஒன்றை மட்டும் உடைந்த கார்கள் குவிந்து கிடக்கும் யார்டில் தேடினேன். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்ததும் அதைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங். புதியது கிடைக்காமல் இல்லை. ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். ஊருக்குள் ஓடும்போது ஒழுங்காக வேலை செய்து, நெடுஞ்சாலையில் எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் களைத்துப்போகிற ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. கிடைத்தது. அன்றைக்கு நெடுஞ்சாலையில் முன்னால் நின்ற லொறியைக் கண்டு தியாகு காலை எடுத்திருப்பான். கார் கேட்டிருக்காது, நேரே போய் மோதியிருக்கும்.

அவன் மனைவி புஷ்பராணி அந்தக் காரில் ஏறுவதே இல்லை; சத்தம் நெஞ்சை இடிக்குதாம். எனக்கும் சேர்த்துப் புட்டு அவித்தவள். அன்றைக்கு அவனோடு ஏறிச் செத்தாள்; ஏன் ஏறினாள் என்று எனக்குத் தெரியாது.

சற்று முன் பொலிஸ்காரர் அதைத்தான் கேட்டார். "அவவும் கூடப் போவா எண்டு உங்களுக்குத் தெரியாதோ?" என்று நீங்கள் தமிழில் சொன்னீர்கள். "ஓம்" என்றேன். நீங்கள் "யா" என்றீர்கள். அவர் என்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. நீங்கள்தான் பதறினீர்கள்.

"ஐயோ அண்ணை, இது எந்த ஓம்? தெரியாதோ எண்டு கேட்டு நாங்கள் ஓம் எண்டால், தெரியாது எண்டுதான். டொச்சிலை இவைக்கு யா எண்டால் தெரியும் எண்டெல்லோ போகும்! நானும் யோசிக்காமல் அப்பிடியே சொல்லிப்போட்டன்."

உடனே திருத்திச் சொன்னீர்கள். நன்றி. உங்களுக்கு என்மேல் ஒரு கோபமும் இல்லை, நேற்றுவரை என்னைத் தெரியவும் தெரியாது. வாய் தவறிவிட்டது, அவ்வளவுதான்.

ஸ்பிரிங்கை நான்தான் தேர்ந்தெடுத்தேன், நான்தான் மாட்டினேன், தியாகு சாகவேண்டும் என்றே மாட்டினேன். அதை அப்படியே எழுதட்டும். ஆனால் என் அகதி விசாரணையில் தியாகு தெரிந்துதான் "யா" சொன்னான் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். யோசித்துப் பாருங்கள் தங்கச்சி, தெரியாமல் சொன்னவனுக்கு நான் அவ்வளவு பார்த்துப் பார்த்து ஸ்பிரிங் எடுத்திருப்பேனா?